ஐந்து நிமிடத்தில் வரும் பணம்

மகளின் கல்லூரியிலிருந்து அந்தச் செய்தி வந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். இரண்டாம் ஆண்டுக் கட்டணம் இருபத்தெட்டாயிரம் ரூபாயைப் பத்தாம் தேதிக்குள் கட்டாவிட்டால் தேர்வு எழுத அனுமதிச் சீட்டு கிடைக்காது என்று இரண்டே வரி. நான் அப்போது திருவரங்குளத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் டவுன் பஸ்ஸில், ஒரு கையில் கம்பியும் ஒரு கையில் போனுமாக நின்றுகொண்டிருந்தேன். செய்தியை மூன்று முறை படித்தேன். பிறகு, இது உண்மையில் கல்லூரி அனுப்பியதுதானா, யாராவது ஏமாற்றுக்காரன் அனுப்பியதா என்று எண்ணைச் சரிபார்த்தேன். கல்லூரிதான்.

நான் புதுக்கோட்டையில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதினோரு வருடமாக லேப் டெக்னீஷியன். சம்பளம் பதினாலாயிரத்து ஐந்நூறு. அது ஏழாம் தேதியிலிருந்து பன்னிரண்டாம் தேதிக்குள் முதலாளி டாக்டரின் மனநிலையைப் பொறுத்து எப்போது வேண்டுமானாலும் வரும். என் கணவர் டைல்ஸ் ஒட்டுகிறவர். அதற்கு ஐந்து வாரம் முன்பு கோட்டைப்பட்டினத்தில் ஒரு புது வீட்டில் குளியலறைச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டும்போது ஸ்டூல் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்ட டாக்டர் இரண்டு மாதத்துக்கு ஒரு சொம்பைக்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். கையில் பத்தாயிரம் இருந்தது. மீதி பதினெட்டாயிரம் வேண்டும். இருந்தது எட்டு நாள்.

லேபில் ரிசப்ஷனில் உட்காரும் பெண்ணுக்கு வயது இருபத்தெட்டு இருக்கும். குடுமியான்மலைப் பக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். நான் உள்ளே நுழைந்ததும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"என்னக்கா, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?"

சொன்னேன். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, போனில் கடன் தரும் ஆப் ஒன்றைத் திறந்து என் பக்கம் திருப்பினாள்.

"இதுக்கா இம்புட்டு யோசனை? அஞ்சே நிமிஷம்க்கா. ஆதாரும் பான் கார்டும் இருந்தாப் போதும். சம்பளம் வந்ததும் கட்டிரலாம். நான் மாசாமாசம் வாங்கிக் கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"மாசாமாசமா?"

"ஆமாக்கா. ஒரு நாளு தப்புனதில்ல."

நான் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. என் வேலை என்னை அப்படி ஆக்கிவிட்டது. சர்க்கரை பார்க்க வருகிறவர்கள் "ராத்திரிலேருந்து பச்சத் தண்ணிகூடக் குடிக்கலம்மா" என்பார்கள். அருகில் குனிந்தால் காப்பி வாசம் அடிக்கும். பதினோரு வருடம் இதையே கேட்டால் யார் எதைச் சொன்னாலும் முதலில் வாயை முகர்ந்து பார்க்கத் தோன்றும். மாதாமாதம் கடன் வாங்கி மாதாமாதம் கட்டுகிறவளுக்கு ஏன் மறுமாதமும் கடன் வேண்டியிருக்கிறது என்று அப்போதே நினைத்தேன். ஆனாலும் மதியம் சாப்பாட்டு நேரத்தில், ரத்த மாதிரிகளை வைக்கும் குளிர்பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, அந்த ஆப்பை என் போனில் இறக்கினேன். எட்டு நாள் என்பது என் சந்தேகத்தைவிடப் பெரிதாக இருந்தது.

எல்லாம் சுலபமாகத்தான் போனது. பெயர், பிறந்த தேதி, சம்பளம். ஆதார் அட்டையை முன்னும் பின்னும் படம் எடுக்கச் சொன்னது. என் முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்டச் சொன்னது. ஆளில்லாத அறையில் நான் ஒரு போனைப் பார்த்துக் கண் சிமிட்டினேன். உடனே பச்சை எழுத்தில், நான் நாற்பதாயிரம் வரை வாங்கத் தகுதியானவள் என்று வாழ்த்து வந்தது. என் டாக்டர்கூட என்னை அந்த அளவுக்கு மதித்ததில்லை. அங்கேதான் எனக்கு முதல் உறுத்தல்.

அடுத்த திரையில் என் போனிலிருக்கும் எண்களையும் படங்களையும் நான் இருக்கும் இடத்தையும் பார்க்க அனுமதி கேட்டது. கடன் வாங்குவது நான். என் போனிலிருக்கும் பால்காரர் எண்ணும் பள்ளித் தோழியின் எண்ணும் அவர்களுக்கு எதற்கு? அனுமதி தராமல் நிபந்தனைகளைத் திறந்து படித்தேன். சின்ன எழுத்து. மேலே ஒரு நிறுவனத்தின் பெயர், கீழே ஒப்பந்தத்தில் வேறொரு பெயர். முகவரி என்ற இடத்தில் வெறும் ஓர் ஊர்ப்பெயர். பத்தாயிரம் கேட்டால் கைக்கு எட்டாயிரம்தான் வரும். செயல்பாட்டுக் கட்டணம், அதற்கு வரி, நான் கேட்காத ஒரு காப்பீடு என்று இரண்டாயிரத்தை முன்னாலேயே பிடித்துக்கொள்வார்கள். பதினைந்தாம் நாள் முழுதாகப் பத்தாயிரம் கட்ட வேண்டும்.

பழைய ரிப்போர்ட் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். எட்டாயிரத்துக்குப் பதினைந்து நாளில் இரண்டாயிரம். நூற்றுக்கு இருபத்தைந்து, மாதத்துக்கென்று பார்த்தால் ஐம்பது. எங்கள் பக்கத்தில் நூற்றுக்கு ஐந்து ரூபாய் வட்டி வாங்குகிறவரையே ரத்தம் உறிஞ்சுகிறவர் என்று பேசுவார்கள். எனக்குக் கையில் பதினெட்டாயிரம் வர வேண்டுமென்றால் இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு கட்ட வேண்டும். என் முழுச் சம்பளத்தையும் கொட்டினாலும் எட்டாயிரம் குறையும். அந்த எட்டாயிரத்துக்கு மறுபடியும் அதே ஆப்பின் முன்னால் கண்ணைச் சிமிட்ட வேண்டும். ரிசப்ஷன் பெண் சொன்ன "மாசாமாசம்" எப்படி நடக்கிறது என்று அப்போது புரிந்தது.

வெளியேறப் போகும்போது இன்னொரு திரை வந்தது. ஒரு தோழியைச் சேர்த்துவிட்டால் இருநூறு ரூபாய் பரிசு.

ஆப்பை அழித்துவிட்டு நேராக ரிசப்ஷனுக்குப் போனேன்.

"ஒனக்கு இதுல எவ்வளவு வரும்?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "எரநூறு வரும்க்கா. ஆனா அதுக்காக நான் சொல்லல. நெசமா."

"சரி" என்றேன். அந்தச் 'சரி'யில் சரி இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

ஆப் போய்விட்டது, ஆனால் என் ஆதார் படமும் சிமிட்டிய முகமும் எங்கே போயின என்று தெரியவில்லை. மாலை வரை அதே நினைப்பு. கிளம்பும் முன் டாக்டரிடம் போய் முன்பணம் கேட்டேன். இத்தனை வருடத்தில் முதல் முறை.

"சம்பளத் தேதிக்கு முன்னாடி யாருக்கும் குடுக்கறதில்லம்மா. ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் வந்து நிப்பாங்க" என்றவர், கொஞ்சம் யோசித்து, "எழுதிக் குடுங்க. ஏழாந்தேதி அஞ்சாயிரம் தாரேன்" என்றார்.

நல்ல மனதோடுதான் சொன்னார் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு என் புத்தி வேறு பக்கம் போனது. எழுதி எதற்குக் கேட்கிறார்? அடுத்த வருடம் சம்பளத்தைக் கூட்டச் சொல்லும்போது அந்தத் தாளை எடுத்து நீட்டுவாரோ? யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

வீட்டில் பீரோவைத் திறந்தேன். கல்யாணத்தின்போது அம்மா போட்ட இரண்டு பவுன் சங்கிலி ஒன்று சேலைகளுக்கு அடியில் சின்னப் பெட்டியில் இருக்கும். ஆஸ்பத்திரிச் செலவுக்குக்கூட அதைத் தொடாமல் வைத்திருந்தோம். சங்கிலி இருந்தது. ஆனால் அதைச் சுற்றியிருக்கும் ரோஸ் காகிதத்தை நான் எப்போதும் நான்காக மடித்து வைப்பேன். அது சுருட்டித் திணிக்கப்பட்டிருந்தது. இடது கையால் அவசரமாகச் சுருட்டியது போல.

கணவர் வெளியே வேலியோரம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். என் நிழலைப் பார்த்ததும் "அப்பறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார். பத்து நாளாக அவர் போனைக் கவிழ்த்தே வைக்கிறார் என்பது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. டைல்ஸ் வெட்டும் மிஷினும் மூலையில் இல்லை. கூட வேலை பார்க்கிறவர் இரவல் வாங்கிப்போனதாகச் சொல்லியிருந்தார். குடியா, போனில் சீட்டாட்டமா, வேறு பெண்ணா? மாவுக்கட்டுக் கையோடு எந்தப் பெண் வருவாள் என்று எனக்கே சிரிப்பு வந்தது. ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும். அந்தப் பதிலை நம்புவதா வேண்டாமா என்று இன்னொரு வேலை சேரும்.

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்து இரண்டு இடம் ஏறி இறங்கினேன். எங்கள் மகளிர் குழுத் தலைவி நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் தருவதாகச் சொன்னார். ஆனால் குழுக் கூட்டம் இருபதாம் தேதிதான். கூட்டத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் வரும். அது நியாயம். என் அவசரத்துக்கு ஆகாது. அங்கிருந்து கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனேன். நகைக்கடன் வட்டி நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய்க்கும் கீழேதான் என்றார் எழுத்தர்.

"வேற ஏதாவது பிடிப்பீங்களா?"

"மதிப்பீட்டாளர் கூலி மட்டும். அது ரசீதுல இருக்கும்."

"காப்பீடு, அது இதுன்னு?"

"இல்லம்மா."

"முன்னாடியே பிடிக்கிறது?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "எத்தன தடவம்மா கேப்பீங்க? சங்கத்துல யாரு ஒங்கள ஏமாத்தப் போறாங்க?"

யார் ஏமாற்றுவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்தால் உலகத்தில் யாரும் ஏமாற மாட்டார்கள். அதை அவரிடம் சொல்லவில்லை. ஆதார், ரேஷன் கார்டு, இரண்டு படம் என்று குறித்துக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுத்து முடித்தபோது போன் அடித்தது. தெரியாத எண். ஓர் ஆண்குரல் என் பெயரைச் சரியாகச் சொன்னது.

"லோன் ஓவர்டியூ ஆயிருச்சு மேடம். இன்னைக்கி நாலு மணிக்குள்ள கட்டலன்னா கான்டாக்ட்ல இருக்கற எல்லாருக்கும் மெசேஜ் போகும்."

"எந்த லோன்? நான் வாங்கவே இல்லையே?"

"எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவாங்க" என்று வைத்துவிட்டான்.

நான் பாதியில் விட்ட விண்ணப்பத்தை வைத்து என் பெயரில் யாரோ கடன் எடுத்துவிட்டார்கள் என்றே முடிவு செய்தேன். ஊசியைக் கீழே வைத்தேனா இல்லையா என்றுகூட ஞாபகமில்லை. ரிசப்ஷனுக்குப் போய், ஐந்தாறு பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், அந்தப் பெண்ணைப் பார்த்துக் கத்தினேன்.

"ஒன் எரநூறு ரூவாக்கு என் மானத்த வித்துட்டியாடி?"

அவள் எழுந்து நின்றாள். "என்னக்கா சொல்றீங்க?"

"என் பேரு, என் ஆதாரு எல்லாம் அவன்ட்ட இருக்கு. இப்ப மெரட்டுறான். ஒன்னால வந்தது."

"நான் ஒங்களுக்குக் கெட்டது நெனப்பேனாக்கா?" என்று மட்டும் கேட்டாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. எனக்கு இரக்கம் வரவில்லை. அழுகைகூட நடிப்போ என்றுதான் பார்த்தேன்.

மாலை வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னேன். அவர் இடது கையால் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"கடன் கட்டலன்னு எவனோ போன் பண்ணி மெரட்டுறான்."

டம்ளர் அப்படியே நின்றது. "எந்த நம்பர்லேருந்து?" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் என்ன கடன் என்று கேட்டிருப்பார்கள். நீ எப்போது கடன் வாங்கினாய் என்று கோபப்பட்டிருப்பார்கள். இவர் எண்ணைக் கேட்கிறார். நான் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"சங்கிலிப் பெட்டிய ஏன் தொறந்தீங்க?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"மிஷின் எங்க?"

"வித்துட்டேன்" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கோட்டைப்பட்டினம் வேலையில் அவரோடு கலவை கலக்கிக் கொடுத்த சித்தாள் பெண்ணுக்கு நாலாயிரம் கூலி பாக்கி. வேலை பாதியில் நின்றதால் வீட்டுக்காரர்களிடமிருந்து பணம் வரவில்லை.

"அந்தப் புள்ள ரெண்டு தடவ வாசல்ல வந்து நின்னுச்சு. நீ டூட்டிக்குப் போயிருந்த. அதுக்கு வீட்ல அடுப்பு எரியணும்ல? ஒன் சங்கிலிய எடுத்துட்டு அடகுக்கடை வரைக்கும் போனேன். ஒன்ட்ட கேக்காம வெக்க மனசு வரல. திரும்பி வந்து வச்சுட்டேன். அப்பத்தான் ஒருத்தன் இந்த ஆப்பச் சொன்னான்."

ஐயாயிரம் என்று எழுதி நாலாயிரம் கையில் கொடுத்திருக்கிறார்கள். ஏழே நாள் தவணை. எட்டாம் நாளிலிருந்து போன். இன்னும் ஏழு நாள் தள்ளிப்போட ஆயிரத்து ஐந்நூறு. மறுபடியும் தள்ளிப்போட மறுபடியும் ஆயிரத்து ஐந்நூறு. அதற்குத்தான் மிஷின் போனது. மூவாயிரம் கட்டிய பிறகும் ஐயாயிரம் அப்படியே நின்றது. நான் நிறுத்திவிட்ட இடத்தில் அவர் நிறுத்தவில்லை; எண்கள், படங்கள் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்திருந்தார். அவர் போனில் என் எண்ணுக்கு நேராக 'வீடு' என்று இல்லாமல் என் முழுப்பெயரையே போட்டு வைத்திருந்தது காலையில் என்னை அழைத்தவனுக்கு வசதியாகப் போயிற்று.

"என்ட்ட ஏன் சொல்லல?"

"நீதான் எல்லாத்தையும் சந்தேகப்படுவியே. சித்தாளுக்குக் குடுத்தேன்னா நம்பிருப்பியா?"

நம்பியிருக்க மாட்டேன். அது அவருக்கும் தெரிந்திருந்தது என்பதுதான் எனக்கு வலித்தது. அன்று பெரிதாகச் சண்டை போடவில்லை. அழுதேன், அவ்வளவுதான். அவரும் அந்த மாவுக்கட்டுக் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை அந்தக் குரல் மறுபடியும் அழைத்தது. இந்த முறை கணவரின் போனை நான் வாங்கினேன்.

"ஒங்க கம்பெனி பேரு என்ன?"

"பணத்தக் கட்டுங்க."

"ஆபீஸ் எங்க இருக்கு? கடன முடிச்சா முடிச்சதுக்கு லெட்டர் தருவீங்களா?"

அவன் கெட்ட வார்த்தையில் திட்டினான். கணவரின் படத்தை அசிங்கமாக வெட்டி ஒட்டி எல்லா எண்ணுக்கும் அனுப்புவேன் என்றான். என் மகளின் எண்ணைச் சொல்லிக் காட்டினான். அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. அவன் கையில் இருப்பது எங்கள் வெட்கம் மட்டும்தான். அதை அவனுக்கு முன்னால் நாங்களே எடுத்துவிட்டால் அவனிடம் மிச்சம் என்ன இருக்கும்?

"நாமளே எல்லாருக்கும் போன் பண்ணிச் சொல்லிருவோம்" என்றேன்.

"பைத்தியமா ஒனக்கு? ஊரு பூரா சிரிக்கும்."

"அவன் சொல்லிச் சிரிக்கிறதுக்கு நம்ம சொல்லிச் சிரிக்கட்டும்."

அவர் போனில் இருநூற்றுச் சொச்சம் எண்கள். ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். என் அண்ணனிலிருந்து ஆரம்பித்தேன். "எங்க வீட்டுக்காரரு ஒரு ஆப்புல கடன் வாங்கிட்டாரு. அவன் மெரட்டுறான். ஒங்களுக்கு ஏதாச்சும் போட்டோ வந்தா நம்பாதீங்க, எடுத்து வச்சு எங்களுக்கு அனுப்புங்க." முதல் பத்துப் பேரிடம் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிச் சொன்னேன். முப்பதாவது ஆளிடம் காய்கறி விலை சொல்வதைப் போல வந்துவிட்டது. அண்ணன் "எம்புட்டு வேணும்?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்குள் அண்ணியின் முகம் தெரிந்ததால் வேண்டாம் என்றேன். ஒரு சித்தப்பா சிரித்தார். மூன்று பேர் குரலைத் தாழ்த்தி, தங்கள் வீட்டிலும் இப்படி நடந்ததென்றும் யாரிடமும் சொல்லவில்லையென்றும் சொன்னார்கள். மகள், "அப்பாட்ட கோவிச்சுக்காதம்மா" என்றாள்.

என் பட்டியலில் கோட்டைப்பட்டினத்து வீட்டம்மாவின் எண்ணும் இருந்தது. அவருடைய கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். கட்டட வேலையை அந்த அம்மாதான் நின்று பார்த்துக்கொள்கிறார். பாதி வேலைக்குப் பணம் தராமல் இழுத்தடிக்கிறவர்கள் என்று அவர்கள் மேல் எனக்கு ஏற்கெனவே கசப்பு. சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னேன்.

"ஏம்மா, கை ஒடிஞ்ச மனுசன் இப்பிடியா கடன் வாங்கணும்?" என்றார் அவர். "பாத்த வேலைக்கு எங்கள்ட்ட கேக்குறதுக்கு என்ன?"

"வேல முடியலையே, எப்பிடிக் கேக்குறதுன்னு…"

"பாதிச் சுவரு ஒட்டிருக்குல்ல? அதுக்குக் காசு உண்டுல்ல? அவரே வந்து சொல்லுவாருன்னு நாங்க இருந்தோம். நாங்களா கேட்டா, ஒடம்பு முடியாத ஆள வேலைக்குக் கூப்புடுற மாதிரி ஆயிரும்னு பேசாம இருந்தேன். இவுக சனிக்கெழம பணம் போடுவாக. அனுப்புறேன்."

போனை வைத்த பிறகும், இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறாரே, பின்னால் எதில் கழிப்பார் என்றுதான் என் மனம் தேடியது. சனிக்கிழமை ஏழாயிரம் வந்தது. இன்றுவரை எதிலும் கழிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை இருவருமாகக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனோம். மதிப்பீட்டாளர் சங்கிலியைக் கல்லில் உரசி, திரவம் விட்டு, தராசில் வைத்தார். தராசின் எண் நிற்கும் வரை நான் கண்ணை எடுக்கவில்லை; என் கைப்பேசியில் அதைப் படமும் எடுத்துக்கொண்டேன். அவர் தராசை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். நிறைய பேரைப் பார்த்திருப்பார் போல. எழுத்தர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"இந்த நகைக்கு அம்பதாயிரத்துக்கு மேலயே தரலாம்மா. வாங்கிக்கிறீங்களா?"

கணவர் என்னைப் பார்த்தார். ஐம்பதாயிரம் இருந்தால் மிஷின் வாங்கலாம், மளிகைப் பாக்கி தீரும். எனக்கும் ஒரு நொடி ஆசை வந்தது.

"பதினெட்டு போதும் சார்" என்றேன்.

ரசீதை வரி வரியாகப் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். மாதத்துக்கு நூற்றைம்பது ரூபாய்ச் சொச்சம் வட்டி. அந்த ஆப்பில் இதே தொகைக்குப் பதினைந்து நாளில் நாலாயிரத்து ஐந்நூறு போயிருக்கும். இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்ததும், வேர்த்ததும், எழுத்தர் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போனதும்தான் அதிகப்படிச் செலவு.

சனிக்கிழமை புதுக்கோட்டையில் சைபர் குற்றப் பிரிவுக்குப் போய், எங்களுக்கு வந்த செய்திகள், அழைப்புகள் எல்லாவற்றையும் காட்டிப் புகார் எழுதிக் கொடுத்தோம். அங்கிருந்த போலீஸ்காரர், போனில் பேசுகிறவன் அனுப்பும் எந்த லிங்க்கிலும் பணம் போட வேண்டாம் என்றார். கணவருக்கு மட்டும் மனது கேட்கவில்லை. "வாங்குனது நாலாயிரம். மூவாயிரம் போயிருச்சு. மிச்ச ஆயிரத்தக் கட்டிட்டா நம்ம மேல தப்பு இருக்காதுல்ல" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆப்பைத் திறந்து பார்த்தோம். முழு ஐயாயிரத்தைக் கட்ட ஒரு பொத்தான், தள்ளிப்போட ஒரு பொத்தான். ஆயிரம் கட்டுவதற்கு அதில் இடமே இல்லை.

அடுத்த வாரத்தில் அவன் சொன்னதைச் செய்தான். கணவரின் படத்தில் 'திருடன்' என்று எழுதி நாலு பேருக்கு அனுப்பினான். நாலு பேரும் அதை எங்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். சித்தப்பா மட்டும், "போட்டோல கொஞ்சம் எளச்சுத் தெரியிறாரு" என்று எழுதியிருந்தார். பன்னிரண்டு நாளில் அழைப்புகள் நின்றன. முடிந்துவிட்டதா, வேறு யாரிடமாவது எங்கள் எண்களை விற்றுவிட்டார்களா என்பது எனக்குத் தெரியாது. தெரியாத எண் வந்தால் இன்றும் இரண்டாவது முறை அடித்த பிறகுதான் எடுக்கிறேன்.

இதற்கிடையில், புகார் கொடுத்ததற்கு அடுத்த திங்கட்கிழமையே, கெடுவுக்கு ஒரு நாள் முன்பு, திருச்சிக்குப் போய்க் கல்லூரிக் கவுன்டரில் இருபத்தெட்டாயிரத்தையும் கட்டினேன். ரசீது போட்டுக்கொண்டே அங்கிருந்த பெண், "கஷ்டம்னா பிரின்சிபால்ட்ட ஒரு லெட்டர் குடுத்திருக்கலாமே, ரெண்டு தவணையாக் கட்டலாம்" என்றாள். அந்த எட்டு நாளில் நான் கேட்காமல் விட்ட ஒரே இடம் அதுதான். கேட்டால் மகளுக்கு ஏதாவது கெடுதல் செய்துவிடுவார்கள் என்று பயந்திருந்தேன்.

ரிசப்ஷன் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு மேலும் இரண்டு நாளாயிற்று. கூட்டத்தில் வைத்துத் திட்டியதால் கூட்டத்தில் வைத்தே கேட்டேன். அவள் "பரவால்லக்கா" என்றாள். ஆனால் ஒரு மாதம் வரை என்னோடு உட்கார்ந்து சாப்பிடவில்லை. அது சரிதான். பிறகு ஒரு மதியம் அவளாகவே வந்து போனை நீட்டினாள்.

"எனக்கும் அந்தக் கணக்கப் போட்டுக் குடுங்கக்கா."

அவள் வாங்கத் தொடங்கி எட்டு மாதம். ஒவ்வொரு முறையும் கைக்கு நாலாயிரம், கட்டியது ஐயாயிரம். எட்டாயிரம் ரூபாய் வெறும் கட்டணமாகவே போயிருந்தது. கடைசியில் கையில் நிற்பது அதே நாலாயிரம் பற்றாக்குறை. அவள் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பணம் தருவதாகச் சொல்லவில்லை. என்னிடம் இல்லை, இருந்தாலும் தந்திருப்பேனா என்று தெரியவில்லை. டாக்டரிடம் எழுதிக் கொடுத்து முன்பணம் கேள் என்று மட்டும் சொன்னேன். கேட்டாள். ஐயாயிரம் கொடுத்து, மாதம் ஆயிரமாகப் பிடித்துக்கொண்டார். வட்டி இல்லை. அந்தத் தாளை யாரிடமும் எடுத்து நீட்டவில்லை. அவரைச் சந்தேகப்பட்டது எனக்கே கொஞ்சம் அசிங்கமாக இருந்தது.

அதற்கு அடுத்த மாதம் அவள் ஊர் மகளிர் குழுவில் சேர்ந்தாள். கறவை மாடு வாங்கக் குழு மூலம் கடன் கேட்டபோது, சம்பளக்காரர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்களாம். படிவத்தோடு என் மேஜை முன் வந்து நின்றாள். அவள் கட்டாமல் போனால் என் சம்பளத்தில் கை வைப்பார்கள். அவள் புருஷன் எப்படி, மாடு உண்மையில் வாங்குவார்களா, பால் ஊற்றுவது எங்கே என்று என் தலைக்குள் வரிசையாகக் கேள்விகள் ஓடின. எல்லாவற்றையும் கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை; ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள்.

"இரு, படிச்சுட்டுப் போடுறேன்" என்றேன்.

"படிங்கக்கா. அவசரமில்ல" என்று ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நான்கு பக்கம். படித்து முடிக்க இருபது நிமிடம் ஆனது. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டுவிட்டு, எனக்கென்று ஒரு நகல் வேண்டும் என்று கேட்டேன். அவள் எழுந்து ஜெராக்ஸ் எடுக்கப் போனாள்.